320 என்ற எண்ணை நம்பிக் கேசட்டைத் தூக்கி எறிய வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் கிடக்கும் பழைய கச்சேரிக் கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றுவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை நல்ல முயற்சி. ஆனால் 320 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கிவிட்டால் அது சிடிக்குச் சமம், பிறகு கேசட் தேவையில்லை என்ற பொருளில் அதில் ஒரு வரி இருந்தது. அதை நம்பிப் பலர் கேசட்டுகளைக் குப்பையில் போட்டுவிடுவார்களோ என்ற கவலையில் இதை எழுதுகிறேன். கடிதம் நீளம்தான். இடம் கருதிச் சுருக்கினாலும், காதால் சோதிக்கும் முறை பற்றிய பகுதியை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேபிபிஎஸ் என்பது ஒரு நொடி ஒலிக்கு எத்தனை ஆயிரம் பிட் செலவாகிறது என்ற கணக்கு. சிடியில் நொடிக்கு 44,100 சாம்பிள் (ஒலியின் அளவீடு), ஒவ்வொன்றும் 16 பிட், இடம் வலம் என இரண்டு சேனல். பெருக்கினால் 1,411 கேபிபிஎஸ். 128 எம்பி3 அதில் பதினொன்றில் ஒரு பங்கு. 320 எம்பி3 கால் பங்குக்கும் சற்றுக் குறைவு. இவ்வளவு சுருங்குவது எப்படி? பலத்த ஒலி ஒன்று கேட்கும்போது அதற்கு அருகே உள்ள அலைவரிசையில் இருக்கும் மெல்லிய ஒலி நம் காதுக்கு எட்டுவதில்லை. அந்த மறைவில் என்கோடர், அதாவது ஒலியைச் சுருக்கும் மென்பொருள், துல்லியத்தைக் குறைக்கிறது. குறைத்ததால் எழும் இரைச்சலையும் அதே மறைவில் ஒளித்துவைக்கிறது. ஒளித்துவைத்தது வெளியே தெரிகிறதா இல்லையா என்பதுதான் தரம். கேபிபிஎஸ் எண் அதைச் சொல்வதில்லை.

1990களின் தொடக்கத்தில் வந்த எம்பி3 தரநிலை, கோப்பை எப்படிப் பிரித்து ஒலியாக்குவது என்பதைத்தான் கட்டாயமாக வரையறுத்தது. எப்படிச் சுருக்குவது என்பதை என்கோடர் எழுதுபவரின் திறமைக்கு விட்டுவிட்டது. அதனால்தான் இருபத்தைந்து ஆண்டுக்கு முந்தைய ஏதோ ஒரு மென்பொருள் செய்த 128 கோப்பும், இன்றைய லேம் (LAME) என்ற இலவச என்கோடர் அதே பாட்டிலிருந்து செய்யும் 128 கோப்பும் கேட்பதற்கு ஒன்றாக இருப்பதில்லை.

கேசட்டைப் பொறுத்தவரை இந்த எண் இன்னும் ஏமாற்றும். டேப்பின் ‘உஸ்’ இரைச்சல் எந்த ஒழுங்கும் இல்லாத ஒலி. ஒழுங்கில்லாததைச் சுருக்குவதுதான் கடினம். தேவைக்கேற்ப பிட்டைக் கூட்டிக் குறைக்கும் விபிஆர் முறையில், தெளிவான ஸ்டூடியோப் பதிவை விட இரைச்சல் மிகுந்த கேசட் பதிவுக்குக் கூடுதல் கேபிபிஎஸ் வந்து நிற்பது சாதாரணம். செலவான பிட்டில் ஒரு பங்கு இரைச்சலுக்கே போயிருக்கும்.

அடுத்தது, பிறந்த கதையை மறைக்கும் கோப்புகள். ஒரு காலத்தில் கடைத்தெருவில் நூறு, நூற்றைம்பது பாட்டு அடங்கிய எம்பி3 சிடிக்கள் விற்றன. 700 மெகாபைட் (எம்பி) சிடியில் 128 கேபிபிஎஸ் என்றால் பன்னிரண்டு மணி நேரப் பாட்டு கொள்ளும். அப்படிப்பட்ட கோப்பைத் திறந்து 320 என்று மறுபடி சேமித்தால் அளவு இரண்டரை மடங்காகும், ஒலி ஒரு துளியும் மேம்படாது. உண்மையில் இன்னும் கெடும். முதல் சுருக்கம் விட்டுச்சென்ற இரைச்சலையும் இரண்டாவது என்கோடர் இசையாகவே எண்ணி அதன் மேல் தன் இரைச்சலையும் சேர்க்கிறது. இணையக் காணொளியிலிருந்து ‘320 எம்பி3’ எடுத்துத் தருவதாகச் சொல்லும் கருவிகளின் கதையும் இதுவே. காணொளியில் இருப்பது ஏற்கெனவே ஏஏசி அல்லது ஓபஸ் முறையில் சுருக்கப்பட்ட ஒலி. அதில் இல்லாததை எந்தக் கருவியாலும் வரவழைக்க முடியாது. எதையும் இழக்காமல் சுருக்கும் ஃப்ளாக் முறைக்கு எம்பி3யை மாற்றி ‘இழப்பில்லாதது’ என்று பெயர் வைத்தாலும் அதேதான்.

ஒரு கோப்பின் பிறப்பை ஓரளவு கண்டுபிடிக்க, எந்த நேரத்தில் எந்த அலைவரிசையில் ஒலி இருக்கிறது என்று படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் உதவும். ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் கோப்பைத் திறந்து, டிராக்கின் பெயரை அழுத்தினால் வரும் பட்டியலில் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றலாம். ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் கோப்பை இழுத்துப் போட்டாலே போதும். படத்தின் மேல் எல்லை 22 கிலோஹெர்ட்ஸ் வரை இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். லேம் என்கோடர் வழக்கமாக 128இல் 16, 17 கிலோஹெர்ட்ஸ் அளவிலும், 192இல் 19க்கு அருகிலும், 320இல் 20க்கு அருகிலும் மேல்பகுதியை வெட்டிவிடும். 320 என்று பெயர் போட்ட கோப்பில் 16க்கு மேல் கத்தியால் அறுத்ததுபோல் கறுப்பாக இருந்தால் அது இரண்டாம் கைச் சரக்கு என்று சந்தேகிக்கலாம்.

சந்தேகிக்கலாம் என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் பலர் தவறான தீர்ப்பு எழுதுகிறார்கள். 78 ஆர்பிஎம் இசைத்தட்டிலும், ஃபிலிமின் ஓரத்தில் ஒளிப்பட்டையாகப் பதிவான 1950களின் திரைப்பாடல்களிலும் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இசை என்று பெரிதாக எதுவும் இருக்காது. இருப்பது பெரும்பாலும் உரசலும் இரைச்சலும்தான். எஃப்எம் ஒலிபரப்பு 15 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். அவற்றை எவ்வளவு நேர்மையாக ஃப்ளாக்கில் மாற்றினாலும் படத்தின் மேல்பகுதியில் இசை இருக்காது. வேறுபாடு விளிம்பில் இருக்கிறது. டேப்பிலும் இசைத்தட்டிலும் மேல் ஒலி சரிவாக, கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். எம்பி3 வெட்டு பாட்டு முழுக்க ஒரே உயரத்தில் நேர்கோடாக நிற்கும். சில எம்பி3 கோப்புகளில் 16க்கு மேல் கட்டம் கட்டமாக ஒளிர்ந்து அணையும். 15.6 கிலோஹெர்ட்ஸில் தொடக்கம் முதல் கடைசி வரை நூல்போல் ஒரு கோடு தெரிந்தால் அதற்கும் சுருக்கத்துக்கும் சம்பந்தமில்லை: பதிவு நடந்த இடத்தில் ஓடிய பழைய குழாய் டிவியின் கீச்சொலி அது. நொடிக்கு 15,625 வரி வரைந்த டிவிகளின் தடம்.

இன்னொன்று. நாற்பதைத் தாண்டிய பலருக்கு 15, 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் கேட்பதே இல்லை. ஆகவே மேல்பகுதி வெட்டுப்பட்டதாலேயே ஒரு கோப்பு மோசமாகக் கேட்கும் என்று சொல்ல முடியாது. படம் கோப்பின் பிறப்பைச் சொல்லும். தரத்தைக் காதுதான் சொல்ல வேண்டும்.

சரி, காதில் எதைக் கேட்பது? ‘பாஸ் நன்றாக இருக்கிறது’, ‘ஒலி வெதுவெதுப்பாக இருக்கிறது’ என்பவை ஸ்பீக்கரைப் பற்றிய பேச்சு. சுருக்கத்தின் குறைகளுக்குத் தனி முகங்கள் உண்டு. நம் இசையில் அவற்றைப் பிடிப்பது எளிது.

முதலில், தாளவாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்துக்குப் போங்கள். மிருதங்கம் வேகமாக ஓடும் இடம் வேண்டாம். அடிக்கும் அடிக்கும் நடுவே மௌனம் உள்ள தொடக்கம் வேண்டும். கடமும் கஞ்சிராவும் இன்னும் நல்லது. எம்பி3 ஒலியைத் துண்டு துண்டாக எடுத்துச் சுருக்குகிறது. நீளமான துண்டு ஒன்று ஏறக்குறைய 26 மில்லி நொடி பரவியிருக்கும். அந்தத் துண்டின் பின்பாதியில் ‘நம்’ என்று ஓர் அடி விழுந்தால், அதைச் சுருக்கும்போது எழும் இரைச்சல் துண்டு முழுக்கப் பரவி, அடி விழுவதற்கு முன்னாலேயே கேட்கத் தொடங்கும். அடிக்குப் பின்னால் வரும் இரைச்சலை அடியே 100 மில்லி நொடிக்கும் மேலாக மறைத்துவிடும். முன்னால் வருவதைச் சில மில்லி நொடிக்கு மேல் மறைக்க முடியாது. அதனால் சாப்பு என்ற அடி ‘பட்’டென்று விழாமல், ‘ஃப்ஷட்’ என்று ஒரு மூச்சோடு விழுவதுபோல் இருக்கும். நல்ல என்கோடர் அடி வருவதை முன்கூட்டியே கண்டு மூன்றில் ஒரு பங்கு நீளமுள்ள குறுந்துண்டுகளுக்கு மாறிக்கொள்ளும். ஆரம்பகால என்கோடர்கள் சில இந்த வசதியைப் பயன்படுத்தவே இல்லை. ஏஏசியில் குறுந்துண்டு இன்னும் சிறியது, 6 மில்லி நொடிக்குள். அதனால் தாளவாத்தியங்களில் ஒரே கேபிபிஎஸ்ஸில் ஏஏசி எம்பி3யை முந்திவிடும்.

மோர்சிங் கொஞ்சம் தனி. அதன் நாக்கு அதிர்வு ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கமாக விழும் துடிப்புகளின் தொடர். நீளத் துண்டில் துடிப்புகள் ஒன்றோடொன்று குழைந்துவிடும். குறுந்துண்டுக்குப் போனாலோ பிட் போதாது. குறைந்த கேபிபிஎஸ்ஸில் மோர்சிங் சொரசொரப்பை இழந்து ரீங்காரமாகிவிடுவது இதனால்தான். தணிந்த ஆண் குரலுக்கும் இந்தச் சிக்கல் ஓரளவு உண்டு.

அடுத்தது தம்புரா. தந்திக்கு அடியில் வைக்கும் ஜீவா என்ற நூலிலிருந்து எழும் அந்த மினுமினுப்பு, மேலே மேலே அடுக்கிய மேற்சுரங்களால் ஆனது. 128க்குக் கீழே போகும்போது அந்த அடுக்குகளில் சில ஒரு துண்டில் இருக்கும், அடுத்த துண்டில் இருக்காது. தண்ணீருக்கு அடியில் கேட்பதுபோல் ஒரு தளும்பல் வரும். கவனிக்க வேண்டிய இடம், பாடகர் பல்லவியை முடித்து நிறுத்தும் கணம். குரல் இருக்கும்வரை மங்கியிருந்த தம்புரா, குரல் நின்றதும் திடீரென்று திரை விலகியதுபோல் தெளிவானால், பிட் எல்லாம் குரலுக்குப் போய்விட்டது என்று பொருள். மூலப் பதிவோடு ஒப்பிட்டுத்தான் இதைச் சொல்ல வேண்டும். கச்சேரியில் ஒலியமைப்பாளரே தம்புராவைத் தணித்து வைத்திருக்கலாம்.

கைதட்டலை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அதைவிடக் கடுமையான சோதனை குறைவு. மூலத்தில் முன்வரிசைக் கைகள் தனித்தனியாகக் கேட்கும், அரங்கின் ஆழம் தெரியும். சுருக்கம் மிஞ்சினால் அது தகரக் கூரையில் மழை பெய்வதுபோல் ஒரே பரப்பாகிவிடும். ஜால்ரா, நட்டுவாங்கத் தாளம், ‘ஸ’, ‘ஷ’ ஒலிகள் ஆகியவற்றில் இதே குறை நடுக்கமாகத் தெரியும். பஜனைப் பதிவுகளில் தேடவே வேண்டாம், தானாகவே காதில் விழும்.

மாறாக, நாற்பது வயலின் ஒலிக்கும் திரையிசைப் பாட்டை வைத்துச் சோதிப்பவர்கள் உண்டு. அது தவறான தேர்வு. எல்லா அலைவரிசையிலும் ஒலி நிரம்பியிருந்தால் இரைச்சலை ஒளித்துவைக்க இடம் தாராளம். வெறுமையான ஒலிதான் என்கோடரைத் திணறவைக்கும். எம்பி3யை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான ஜெர்மனியின் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், சூசன் வேகா பக்கவாத்தியமே இல்லாமல் பாடிய பாட்டு ஒன்றை வைத்துத்தான் தன் முறையைத் திரும்பத் திரும்பச் சீர்செய்தார். நம்மிடம் அதற்குத் தாளமில்லாமல் பாடும் விருத்தம் இருக்கிறது.

இனிச் சோதிக்கும் முறை. சுருக்காத ஒரே மூல வேவ் கோப்பிலிருந்து நீங்களே எம்பி3 செய்யுங்கள். வேறு வேறு இடத்திலிருந்து இறக்கிய இரண்டு கோப்புகளை ஒப்பிட்டால், நீங்கள் ஒப்பிடுவது இரண்டு மாஸ்டரிங்குகளை, அதாவது வெளியிடும் முன் ஒலியைச் சீர்செய்த இரண்டு விதங்களை. ஒலியளவு சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். அரை டெசிபெல் கூடுதலாக ஒலிக்கும் கோப்பு ‘தெளிவாக’ இருப்பதாகவே மனத்துக்குப் படும். ஈக்குவலைசர், சரவுண்ட், பாஸ் பூஸ்ட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ப்ளூடூத் இயர்போன் வேண்டவே வேண்டாம். போனிலிருந்து காதுக்குப் போகும் வழியில் அதுவே எஸ்பிசி போன்ற முறையில் இன்னொரு முறை சுருக்குகிறது. எதன் குறையைக் கேட்கிறீர்கள் என்றே தெரியாமல் போகும். கம்பி உள்ள, காதை மூடும் ஹெட்போன் போதும். விலை உயர்ந்ததாக இருக்கத் தேவையில்லை.

பிறகுதான் முக்கியமானது: எது எந்தக் கோப்பு என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. 320 என்று கண்ணில் பட்டாலே காது சாய்ந்துவிடும், அனுபவமுள்ளவர்களுக்கும் இப்படித்தான். ஃபூபார்2000 மென்பொருளில் ஏபிஎக்ஸ் என்ற இணைப்பு உண்டு. அ, ஆ என இரண்டு கோப்புகளைக் கொடுத்தால், அவற்றில் ஒன்றைப் பெயர் மறைத்து ஒலிக்கும். அது எது என்று சொல்ல வேண்டும். 16 முறை செய்யுங்கள். 12 அல்லது அதற்கு மேல் சரியாக இருந்தால் உங்களுக்கு வேறுபாடு கேட்கிறது என்று கொள்ளலாம். குருட்டாம்போக்கில் சொல்லி அத்தனை வருவதற்கான வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. 9, 10 வந்தால் அது ஊகத்திலிருந்து பிரித்தறிய முடியாதது. முடிவு பிடிக்கவில்லை என்று ‘இன்னும் நான்கு’ போடுவது கணக்கைக் கெடுக்கும். எண்ணிக்கையை முன்பே முடிவு செய்துவிட வேண்டும். ஐந்து முதல் பத்து நொடித் துணுக்குகளாகக் கேளுங்கள். முழுக் கீர்த்தனையைக் கேட்டு நினைவிலிருந்து ஒப்பிட முடியாது, ஒலியின் நுட்பம் நினைவில் சில நொடிதான் நிற்கும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஓய்வு எடுங்கள்.

மென்பொருள் இல்லாவிட்டால் வீட்டில் இன்னொருவர் போதும். அவர் உங்கள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து நாணயம் சுண்டி, தலை என்றால் மூலம், பூ என்றால் எம்பி3 என்று ஒலிக்கச் செய்து குறித்துக்கொள்ளட்டும். அவர் முகத்தை நீங்கள் பார்க்கக் கூடாது. நீங்கள் எழுதியதையும் அவர் எழுதியதையும் கடைசியில் ஒப்பிடுங்கள்.

மூலத்தையும் எம்பி3யையும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, மிச்சத்தை ஒலிக்கச் செய்து ‘பாருங்கள், இவ்வளவு போய்விட்டது’ என்று காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த மிச்சம் இசையோடு சேர்ந்திருக்கும்போது மறைந்திருப்பதற்காகவே வடிவமைக்கப்பட்டது. தனியே எடுத்தால் கேட்கத்தான் செய்யும். என்கோடர் கோப்பின் தொடக்கத்தில் சேர்க்கும் சிறு தாமதத்தைச் சரிசெய்யாமல் கழித்தால் அதற்கும் பொருளில்லை.

இப்படிச் சோதித்தால் பலருக்கும் கிடைக்கும் விடை, இன்றைய லேம் என்கோடரின் வி2 அமைப்பிலேயே, அதாவது சராசரி 190 கேபிபிஎஸ் அளவிலேயே, பெரும்பாலான பதிவுகளில் மூலத்தைப் பிரித்தறிய முடியவில்லை என்பது. எம்பி3 மட்டமானது என்று நான் வாதிடவில்லை. போனில் கேட்க அது தாராளம். ராகம் தானம் பல்லவியை மூன்று டிராக்காக வெட்டினால் இடையில் ஒரு துளி மௌனம் விழும் தொல்லை மட்டும் உண்டு. லேம் எழுதும் குறிப்பைப் படிக்கத் தெரிந்த பிளேயரில் அதுவும் வராது. நேர்மையாகச் செய்த எம்பி3 கேட்பதற்கு. காப்பதற்கு அது ஆகாது. கேசட்டிலிருந்து எடுத்த ஒலியில் நாளைக்கு இரைச்சல் நீக்க வேண்டும், வேகம் திருத்த வேண்டும், ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய வேண்டும். மறைவாக இருந்த எம்பி3 இரைச்சல் அப்போதெல்லாம் வெளியே வந்துவிடும்.

ஆகவே கேசட்டை மாற்றும்போது செய்ய வேண்டியது இது. ஓடவிடுவதற்கு முன் கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் தாவல்களை உடைத்துவிடுங்கள், தவறுதலாக அழியாது. டெக்கில் (கேசட் ஓட்டும் கருவி) டேப்பைப் படிக்கும் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் பஞ்சால் துடையுங்கள்; ஹெட்டுக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். இரண்டு சேனலையும் மோனோவாகச் சேர்த்துக் கேட்டபடி, ஹெட்டின் கோணத்தை மாற்றும் சிறு திருகை மயிரிழை அளவு திருப்பிப் பாருங்கள். மேல் ஒலி மிகப் பிரகாசமாகக் கேட்கும் இடம்தான் அந்தக் கேசட்டுக்கு உரிய கோணம். ‘கணினிக்கு மாற்றியதும் ஒலி மந்தமாகிவிட்டது’ என்று எம்பி3 மேல் சுமத்தப்படும் பழியில் பெரும்பகுதி இந்தத் திருகுக்கு உரியது. சுருதி மாறியிருந்தாலும் எம்பி3யைக் குறை சொல்ல வேண்டாம், சுருக்கம் சுருதியைத் தொடாது. டெக் 6 சதவீதம் வேகமாக ஓடினால் அரைக்கட்டை ஏறிவிடும்.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில், உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாமல் பதியுங்கள். இரைச்சல் நீக்கும் வசதியை மூலக் கோப்பில் பயன்படுத்தாதீர்கள். அதை அதிகம் திருகினால் தம்புராவில் வரும் தளும்பல், 64 கேபிபிஎஸ் எம்பி3யின் தளும்பலைப் போலவே இருக்கும். பின்னால் கேட்பவருக்கு எது எதனால் வந்தது என்றே தெரியாது. தொடாத மூலத்தை ஃப்ளாக்கில் வையுங்கள். 90 நிமிடக் கேசட் சிடி அளவிலேயே வேவ் கோப்பாக 950 எம்பி, 24 பிட்டில் ஒன்றரை ஜிபி; ஃப்ளாக் அதைக் கணிசமாகக் குறைக்கும், ஆனால் திறந்தால் பிட் பிசகாமல் அதே ஒலி. கோப்பு பழுதாகவில்லை என்று சரிபார்க்கும் குறியீடும் அதனுள்ளேயே இருக்கிறது. இதே கேசட் 320 எம்பி3யில் 216 எம்பி. மிச்சமாகும் இடத்தின் விலை இன்றைக்கு மிகச் சிறியது. போனுக்கும் உறவினருக்கும் வேண்டிய எம்பி3யை அந்த ஃப்ளாக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். அனுப்பும்போது குரல் செய்தியாகப் பதிந்து அனுப்பாமல், கோப்பாகவே இணைத்து அனுப்புங்கள்.

ஃப்ளாக்கின் இரண்டு பிரதிகள் இரண்டு வெவ்வேறு வீட்டில் இருக்கட்டும். கேசட்டைக் கடைசி வரை ஒருமுறை முழுக்க ஓடவிட்டு, பெட்டியில் நிமிர்த்தி, ஸ்பீக்கரின் காந்தத்துக்கும் வெயிலுக்கும் எட்டாத அலமாரியில் வையுங்கள். இன்னும் நல்ல டெக் ஒன்று கைக்குக் கிடைக்கும் நாளில் அது மறுபடி தேவைப்படும்.

இங்ஙனம்,
ஒலிப்பதிவுப் பணியில் உள்ள வாசகர்,
திருச்சி